பின்சீற்றில் இருந்தவன்

மாலை ஐந்து இருபத்தைந்து. ஜனவரி மாதம், நன்றாக இருட்டிவிட்டது. பனிச்சறுக்கு மலையின் அடிவாரத்திலிருந்து கொட்டேஜுக்குப் பதினெட்டுக் கிலோமீற்றர். ஒற்றைப் பாதை, தெருவிளக்குக் கிடையாது. இரண்டு பக்கமும் இலை கொட்டிய அப்பிள் தோட்டங்கள்... அதற்கப்பால் வெறும் வெள்ளை. எதிரே ஒரு வாகனம் வந்து பத்து நிமிடமாகியிருந்தது.

காரை ஓட்டியது ஷாமிலா. பின்சீற்றில் அவளுடைய மகன் மிதுனன், ஆறு வயது. ஏறியதிலிருந்து வாய் திறக்கவில்லை.

இந்த ஷாமிலா வேறு யாருமில்லை, நிசாந்தனின் மூத்த அக்கா. நிசாந்தன் எங்களோடு நைட் ஷிஃப்டில் லோடிங் பக்கம் நின்றவன், எதற்கும் பயப்படாதவன். இதைச் சொல்லும்போது அவன் வாயில் சிகரெட் இருந்தது, கடைசிவரை பற்ற வைக்கவில்லை. ஸ்னோ வண்டி வந்து பாதையைத் திறக்கும்வரை, நடுறோட்டில் நிற்கிற இந்த வானுக்குள் நமக்கும் வேறு வேலையில்லை. கேளுங்கள். லெஸ்லி, நீயும் போனை வைத்துவிட்டுக் கேள்.

ஷாமிலா வீட்டார் மோர்னிங்சைட்டில் இருந்த ரவுன்ஹவுஸை, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீட்டை, விற்றுவிட்டு அஜக்ஸில் கட்டிக்கொண்டிருந்த புது வீடொன்றுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். நவம்பரில் வீட்டுத் திறப்பைக் கையில் தருவேன் என்றான் பில்டர். நவம்பர் வந்ததும் டிசம்பர் என்றான். டிசம்பரில் ஆள் பேசவில்லை, கடிதம் மட்டும் வந்தது. விற்ற வீட்டில் அதற்குள் வேறொரு குடும்பம் திரைச்சீலை போட்டுவிட்டது. ஷாமிலாவின் கணவன் றொய்சனுக்கு மார்க்கம் நகரில் கொம்பியூட்டர் வேலை. அவனுடைய மனேஜருக்கு வடக்கே, இரண்டு மணித்தியாலத் தூரத்தில், ஒரு ஸ்கீ ஊரில் கொட்டேஜ் இருந்தது. மூன்று கிழமை இருங்கள் என்றார் மனேஜர். மூன்று கிழமை பத்துக் கிழமையானது.

றொய்சன் வேலை நாட்களில் நிசாந்தன் வீட்டுப் பேஸ்மென்ரில், நிலத்துக்குக் கீழுள்ள அறையில், படுப்பான், வெள்ளி இரவு வருவான். மற்ற நாட்களில் அந்தக் காட்டுக்குள் தாயும் பிள்ளையும்தான். ஊரில், பாசையூரில் இருக்கிற அவளுடைய தாய்க்கு இது விளங்கவில்லை. வீடியோவில் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்:

“சனமெல்லாம் கேக்குது பிள்ளை, உன்ரை மனுசன் மலையை வாங்கிப்போட்டாரோ எண்டு.”

“ஓமம்மா, வாங்கிப்போட்டார். அள்ளித்தான் முடியேல்லை,” என்றாள் ஷாமிலா. ஸ்னோ அள்ளும் சவள் கையில் இருந்தது.

பிள்ளையை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டாமென்று, கிழமைக்கு இரண்டு பின்னேரம் ஸ்கீ வகுப்புக்கும் விட்டார்கள். அவனுக்கு அது வேப்பெண்ணெய். அன்று காலையிலும் சண்டை.

“நான் போகமாட்டன்.”

“போகத்தான் வேணும்.”

“அப்ப நான் உங்களோட கதைக்கமாட்டன்.”

“கதைக்காதை. என்ரை காது கொஞ்சம் ஆறட்டும்.”

அதனால் காருக்குள் அவன் பேசாமல் இருந்தது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறான் என்று நினைத்தாள். முகம் தெரிந்தால்தானே? குளிருக்குப் பயந்து அவள் அந்தப் பிள்ளையைக் கட்டுகிற கட்டு அப்படி. தலையில் நீல ஹெல்மெற், கண்ணுக்குப் பெரிய கறுப்புக் கண்ணாடி, மூக்குக்கு மேலே வரைக்கும் இழுத்துவிட்ட கழுத்துத் துணி. ஒரு நகத்தளவு தோல் வெளியே தெரியாது. அதற்கு மேல் வகுப்பில் கொடுக்கிற செம்மஞ்சள் மேலங்கி. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மேலங்கி, ஒரே வாடகைச் சப்பாத்து. உயரத்தைப் பார்த்துத்தான் தாய்மார் தங்கள் பிள்ளையைக் கண்டுபிடிப்பார்கள்.

அன்று ஐந்து மணிக்கு அவள் போனபோது காற்று சுழற்றி அடித்தது. வகுப்பு எடுக்கிற பொடியன் காகிதம் பறக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பெயர் வெட்டிக்கொண்டிருந்தான். வேலியோரம் கடைசியாக ஒரு சின்ன உருவம் தனியே நின்றது. அவளைக் கண்டதும் கையை நீட்டியது. அவள் பிடித்தாள். பொடியன் தலையாட்டினான், பெயரை வெட்டினான். அவ்வளவுதான்.

பாதையில் ஆறேழு கிலோமீற்றர் போயிருக்கும். ஹீற்றர் சூடேறியதும் காருக்குள் வழமையாக நனைந்த காலுறை நாறும். அன்றைக்கு அது வரவில்லை. ஃப்ரீசர் கதவைத் திறந்தால் முகத்தில் ஒரு வாசம் அடிக்குமே, பழைய ஐஸ் வாசம்... அதுதான் வந்தது. பின்னால் சப்பாத்து சீற்றில் இடிக்கும் சத்தம். டக்... டக்... நிதானமாக, ஒரே கணக்கில்.

“உதை நிப்பாட்டு மிது.”

நின்றது.

அப்போது போன் அடித்தது. தெரியாத இலக்கம். கார் ஸ்பீக்கரில் எடுத்தாள்.

“மிதுனனின் அம்மாவா?” ஒரு இளம் குரல், ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக. “அவசரமில்லை, கவனமாக வாருங்கள். மிதுனன் எங்களோடுதான் இருக்கிறான். கொஞ்சம் பயந்துபோனான், வேறொன்றுமில்லை.”

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆள் மாறி எடுத்துவிட்டான் என்று நினைத்தாள். அதைச் சொல்ல வாய் திறந்தபோது ஸ்பீக்கரில் இன்னொரு குரல்.

“அம்மா... எங்க நிக்கிறீங்கள்? எல்லாரும் போட்டினம்.”

மிதுனன்தான். அவன் அழுவதற்கு முன்னால் மூக்கை ஒரு தரம் உறிஞ்சுவான். அந்த உறிஞ்சலும் கேட்டது.

ஷாமிலா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். சீற்றில் இருந்தது அசையவில்லை. கறுப்புக் கண்ணாடி அவள் பக்கம் திரும்பியிருந்தது. அதில் டாஷ்போர்ட் வெளிச்சம் பச்சையாகத் தெரிந்தது.

அவளுடைய முதல் பயம் பேய்ப் பயம் அல்ல. யாரோ வெள்ளைக்காரரின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், பொலிஸ் வரப்போகிறது, என் பிள்ளையை என்னிடமிருந்து எடுக்கப்போகிறார்கள்... அந்தப் பயம். நம்மில் யாருக்கும் அதுதான் முதலில் வரும்.

“நான் தவறுதலாக வேறொரு பிள்ளையைக் கூட்டி வந்துவிட்டேன்,” என்றாள். “இதோ திருப்பிக்கொண்டு வருகிறேன். அந்தத் தாயிடம் சொல்லுங்கள்.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். பிறகு அதே மரியாதையோடு:

“இல்லையே. ஒன்பது பிள்ளைகள். எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். உங்களுடைய மகன் ஒருவன்தான் மிச்சம்.”

பின்சீற்றிலிருந்து, துணிக்குள்ளால், மெதுவாக ஒரு சத்தம் வந்தது.

“அம்மா.”

அதுவும் மிதுனனின் குரல்.

போனிலும் அவன். பின்னாலும் அவன்.

அவள் பிரேக்கை மிதித்தாள். கார் ஒரு பக்கம் இழுபட்டு, பூட்டிக் கிடந்த அப்பிள் விற்கும் கொட்டிலுக்கு முன்னால் நின்றது. கண்ணாடியில் கட்டியிருந்த செபமாலை ஆடிக்கொண்டேயிருந்தது. செபம் சொல்லப் பார்த்தாள், சின்ன வயதிலிருந்து சொன்ன செபம், இரண்டாவது வரி வரவில்லை. அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. பிள்ளை அங்கே தனியே நிற்கிறான், போய் எடுக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு அவனிடம் போகக் கூடாது. இது அவனுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இறங்கிச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்தாள். பெல்ற்றைக் கழற்றினாள். அதன் உடம்பில் கை படாமல் கழற்றினாள்.

“இறங்கு.”

அது அவளைப் பார்த்தது. இறங்கியது.

அவள் கதவை அடித்துச் சாத்திவிட்டு, காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். பின்னால் பார்க்கவில்லை. மைனஸ் பத்தொன்பது. அதையும் அவள் நினைக்கவில்லை.

மலையடிவாரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். வாகனத் தரிப்பிடத்தில் ஒரு காரும் இல்லை. வகுப்புக் குடில் இருட்டு. கதவில் பூட்டு, பூட்டின் மேல் அரை விரல்கடை ஸ்னோ. வாசற்படியில் ஸ்னோ அப்படியே கிடந்தது, ஒரு காலடி இல்லை. ஜன்னல் கண்ணாடிக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தாள். கவிழ்த்து அடுக்கிய கதிரைகள்.

“மிது... மிது...” என்று குடிலைச் சுற்றி ஓடினாள். காற்றுத்தான் வந்தது.

போனை எடுத்துப் பார்த்தாள். கடைசி அழைப்பு, மத்தியானம் பன்னிரண்டரை, றொய்சன். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒருவரும் அவளை அழைக்கவில்லை.

அங்கே நின்றபோதுதான் அது காரிலிருந்து இறங்கிய விதம் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒரு கையால் கதவைப் பிடித்து, பின்பக்கமாகத் திரும்பி, முதலில் இடது காலை வைத்து, வழுக்குகிறதா என்று அமத்திப் பார்த்து... பிறகுதான் மற்றக் கால். டிசம்பரில் ஒரு நாள் மிதுனன் ஐஸில் வழுக்கி விழுந்து, உதட்டுக்குக் கீழே நாடி வெடித்தது. அதற்குப் பிறகு ஒரு கிழமையாக அவள்தான் அப்படி இறங்கப் பழக்கினாள்.

லெஸ்லி, நீ என்ன கேட்கப் போகிறாய் என்று தெரியும். ஏன் உடனே பொலிசுக்குப் போன் அடிக்கவில்லை? நிசாந்தனும் அதைத்தான் கேட்டான். அவள் சொன்னாளாம்: “அடிச்சுச் சொல்லிக்கொண்டு நிக்கிற நேரத்திலை நான் அங்கை போயிடுவனடா.” அவ்வளவுதான் அவளுடைய கணக்கு.

எப்படி ஓட்டினாள் என்று அவளுக்குத் தெரியாது. அவனை இறக்கிவிட்டு அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். கொட்டில் முதலில் தெரிந்தது. அதற்கு முன்னால், விட்ட அதே இடத்தில், செம்மஞ்சள் மேலங்கி ஹெட்லைற்றில் பளிச்சென்று தெரிந்தது. றோட்டைப் பார்த்து நேராக நின்றான்.

ஓடிப்போய் முழங்காலில் விழுந்து கண்ணாடியைக் கழற்றினாள், கழுத்துத் துணியை இழுத்தாள். மிதுனன். அவனுடைய கண், அவனுடைய பல், நாடியில் அந்தத் தழும்பு. கட்டிப்பிடித்துக் கத்தி அழுதாள். அவன் அழவில்லை. அவளுடைய தோளில் இரண்டு தரம் தட்டினான், பெரிய ஆட்கள் தட்டுவது போல. கை விறைத்திருக்கும் என்று கையுறையைக் கழற்றி ஊதப் போனாள்.

கை சூடாக இருந்தது.

தூக்கிக்கொண்டு திரும்பும்போதுதான் அதைக் கண்டாள். அவன் நின்ற இடத்திலிருந்து ஒரு வரிசை காலடி, சின்னச் சப்பாத்துக் காலடி, கொட்டிலுக்குப் பின்னால் அப்பிள் தோட்டத்துக்குள் போயிருந்தது. வெளிச்சம் எட்டும் வரைக்கும் போயிருந்தது. சில இடங்களில் விழுந்து எழும்பிய தடம். திரும்பி வந்த காலடி ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பிள்ளையைச் சீற்றில் இருத்தி, பெல்ற்றைப் போட்டு, கதவைச் சாத்தினாள்.

இப்போது சொல்லுங்கள், அவள் யாருக்கு அடித்து என்னவென்று சொல்வாள்? பிள்ளை கையில் இருக்கிறது, பிள்ளையைக் காணவில்லை என்றா? அன்று இரவு முழுக்க ஸ்னோ கொட்டியது. விடியும்போது அந்தத் தோட்டத்தில் ஒன்றும் இல்லை, வெள்ளைக் கடதாசி மாதிரிக் கிடந்தது. வகுப்புப் பொடியனிடம் போய்க் கேட்டாள். “ஐந்து மணிக்கு நீங்கள்தானே கூட்டிக்கொண்டு போனீர்கள்? காற்று மோசம் என்று ஐந்தேகாலுக்கு நாங்கள் எல்லோரும் போய்விட்டோம்,” என்றான். போனில் கேட்ட குரல் அவனுடையது இல்லை.

றொய்சன் வந்து விசயத்தைக் கேட்டுவிட்டு அவளைக் குறை சொல்லவில்லை. “உனக்கு நித்திரை இல்லை, தனிச்சுக் கிடந்து மூளை குழம்பிப்போச்சு,” என்றான். அடுத்த நாளே எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வந்து நிசாந்தனின் பேஸ்மென்ரில் விட்டான். மார்ச்சில் அஜக்ஸ் வீடு கிடைத்தது. பாதர் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். மிதுனனும் அவருக்கு முன்னால் நின்று அழகாகச் சிலுவை போட்டான்.

பொடியனில் ஒரு குறை சொல்ல முடியாது. வைத்ததைச் சாப்பிடுகிறான், சொன்ன நேரத்துக்குப் படுக்கிறான், சண்டை பிடிப்பதில்லை. எல்லாரும் மெச்சுகிறார்கள். ஷாமிலாதான் மெலிந்து போனாள். ஒரு நாள் நிசாந்தனிடம் சொன்னாளாம்:

“ஆறு வயசுப் பிள்ளையை இருட்டிலை, றோட்டிலை இறக்கிவிட்டனான் தம்பி. அவன் ஒருக்காக் கேட்டானெண்டால் போதும், ஏனம்மா என்னை விட்டிட்டுப் போனீங்கள் எண்டு. நான் அவன்ரை காலிலை விழுந்து மன்னிப்புக் கேப்பன். அவன் கேக்கிறானே இல்லை.”

“மறந்திருப்பான் அக்கா. சின்னப் பிள்ளையள்தானே.”

ஏப்ரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். மிதுனன் நிலத்தில் படுத்திருந்து படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தான். நிசாந்தனும் அங்கேதான் இருந்தான், அதனால்தான் இது எனக்குத் தெரியும். ஷாமிலா அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். தலையைத் தடவினாள். கேட்டேவிட்டாள்.

“மிது... அண்டைக்கு உன்னை றோட்டிலை இறக்கிவிட்டிட்டு அம்மா போனனான். உனக்கு ஞாபகம் இருக்கோ?”

அவன் தலையை நிமிர்த்தவில்லை. நிறப் பென்சிலையும் நிறுத்தவில்லை.

“அது நானில்லை, அம்மா,” என்றான். “அவன் கனநேரம் உங்களைக் கூப்பிட்டவன்.”