மாமா பேரில் கொடுத்த ரத்தம்

ஹலோ... ஜெயசீலா, அக்கா பேசறேன்... ஆமா, இன்னும் ஆஸ்பத்திரியிலதான்... ஆங், ஆங், முழிச்சிட்டாரு. குளுக்கோஸ் ஏறுது. நல்லாவே பேசறாரு. எல்லாத்தையும் சொல்லிட்டாரு உங்க மாமா...

என்னாத்தயா? போன மாசம் அவருக்குப் பதிலா லேப்ல போயி நீ கைய நீட்டினியாமே, அதத்தான்.

...சிரிக்காத. தூ, எப்டிடா சிரிப்பு வருது உனக்கு...

இரு, நான் முடிச்சிடறேன். முந்தின நாள் காதுகுத்துல பிரியாணிய ஒரு கட்டு கட்டிட்டாரு, டாக்டர் திட்டுவாருன்னு பயந்தாரு. சரி, அவரு புத்தி அவ்ளோதான். உனக்கு எங்க போச்சு? பஞ்சநாதன்னு கூசாம அவரு பேரச் சொல்லி ரத்தத்த குடுத்திருக்க... ஆமா, ஆமா, நல்லதுக்குத்தான் செஞ்ச. உன்னுது சுத்தமான ரத்தம், ரிப்போர்ட் ஜம்முனு வரும்னு சொன்னியாம்.

...கேளு. அந்த ரிப்போர்ட்ட பாத்துட்டுத்தான் டாக்டர் சுகர் மாத்திரைய ரெண்டு மடங்கா ஏத்தினாரு. நானும் தெனம் என் கையால எடுத்துக் குடுத்தேன். இன்னிக்கி உப்பளத்துல உப்பு வாரிக்கிட்டு இருந்த மனுஷன் சுகர் எறங்கிப்போயி பாத்தியில குப்புற விழுந்துட்டாரு. கூட வேல செய்யற தேவா பக்கத்துல இல்லேன்னா அந்தக் கணுக்கால் தண்ணியிலயே போய்ச் சேந்திருப்பாரு. மூக்கு, வாயெல்லாம் உப்பு. நெனச்சாலே கொமட்டுது. உன்ன நெனச்சாலும்தான்.

...ஏன் ஏத்தினாருன்னா கேக்கற? இன்னும் புரியலயா? ரிப்போர்ட்ல சுகர் கண்டபடி இருந்துச்சுடா. கொழுப்பு அதுக்கும் மேல. இன்னிக்கி இவருக்கே ரத்தம் எடுத்துப் பாத்தா, கொழுப்பு அதுல பாதிகூட இல்ல.

...ஹலோ? இருக்கியா?

ஆமா. உன்னுதுதான்.

...டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். தம்பிக்கு எத்தினி வயசுன்னாரு. முப்பத்தெட்டுன்னேன். பிரஷர் பாத்திருக்கானா, தலைவலி உண்டான்னாரு. லாரி ஓட்டறப்ப நீ தலைய துண்டால இறுக்கிக் கட்டிக்கறத சொன்னேன். சுகரோட கொழுப்பும் பிரஷரும் சேந்துக்கிச்சுன்னா ஹார்ட்டயும் மூளையயும் தாக்கும், நாளைக்கே அவன இட்டுக்கிட்டு வாங்கன்னாரு.

...என்னா, லேப்ல தப்பா? மாமா பேர்ல வந்தா சரி, உனக்குன்னு வந்தா தப்பா? சீ...

லோடா? லோடாவது மண்ணாவது... ஒரு நாள் ஓடலன்னா உங்க ஓனர் செத்துட மாட்டாரு... உம் பொண்டாட்டிகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன். கலைமதி என்னா, உன்ன மாதிரி முட்டாளா...

என்னாது? ...திரும்பச் சொல்லு.

மாமாவுக்கு மிஞ்சின மாத்திரைய உனக்கு எடுத்து வைக்கணுமா? டாக்டர்கிட்ட வர மாட்ட, அவரு மாத்திரைய வாங்கி முழுங்கிக்குவ? அவரு இங்க கெடக்கறது பத்தாதா உனக்கு? சீ, வை போன.

...டேய், வைக்காத. வைக்காதடா. எங்க நிக்கறன்னு மட்டும் சொல்லு, நானே வர்றேன்... ஹலோ? ஜெயசீலா?