அளவுக் கோடு

டீ நல்லா இருக்கு சார். வீட்டுல ஒரே ஆளுக்குன்னு போட்டா ஒண்ணு தண்ணியா இருக்கும், இல்லேன்னா கசக்கும்.

தண்ணியில ஊற வெச்சு ஒட்டற படம் எப்படிச் செய்யறதுன்னு கேட்டீங்க. பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. அதுக்குன்னே ஒரு பேப்பர் விக்குது. பிரிண்டர்ல அடிச்சு, காய்ஞ்சதும் மேல வார்னிஷ் தெளிக்கணும். மறந்தீங்கன்னா தண்ணி பட்டதும் மை கரைஞ்சு ஓடிடும். ஊறினதும் மெதுவா நகர்த்தினா, படம் மட்டும் வழுக்கிக்கிட்டு வந்து உக்காந்துக்கும். தடவினா ஓரம் விரல்ல தட்டக் கூடாது. அதுல இருக்கு வேலை.

அக்கா போன பிறகு அத்தான் என்கூடத்தான் இருந்தாரு. ரெண்டு பேரும் தீப்பெட்டி அளவுல பஸ் செய்வோம். பெயின்ட் அவரு, எழுத்து ஒட்டறது நான். முன்னெல்லாம் நான் ஒட்டினதை விரலால தடவிப் பார்த்து, "ஓரம் தட்டுது மாப்ளே, உரிச்சுட்டு மறுபடி ஒட்டு"ன்னு உயிரை வாங்குவாரு. சர்க்கரை வந்து விரல் நுனி மரத்துப் போனதும் அதை விட்டுட்டாரு. டம்ளர் சுடறதுகூடத் தெரியாது, பாவம்.

அவரு பொண்ணு போன் பண்ணி, "அப்பா, என்கூடவே வந்துடுங்க"ன்னா. இவரும் சரின்னுட்டாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. இதயம் பலவீனம், கால்ல நீர் கோத்திருந்துச்சு. வீக்கம் வடிஞ்சதும் பிளேன் ஏறலாம்னு டாக்டர் சொல்லி, அளவு மூடியில ஊத்திக் குடிக்க ஒரு மருந்து குடுத்தாரு. வீக்கம் வடிய ஆரம்பிச்சுது. அத்தான் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாரு. அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலை. கதவைத் திறந்து உள்ள வந்தா, "யாரு?"ன்னு கேக்க ஒரு ஆள் வேணாமா சார்?

மூடியில இருந்த கோட்டைத் தின்னர் வெச்சுத் துடைச்சேன். அதே கோடு, அதே எழுத்து, கொஞ்சம் கீழ ஒட்டினேன். அவ்வளவுதான். தினமும் கழுவற சாமானாச்சேன்னு வார்னிஷ் ஒரு தடவை கூடவே தெளிச்சேன். அவரே அளந்தாரு, அவரே குடிச்சாரு. மருந்து பாட்டிலை நான் கையாலகூடத் தொடலை.

கால் மறுபடி வீங்கிச்சு. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாங்க. நானும் அவரைத் தாங்கு தாங்குன்னு தாங்கினேன். கால் பிடிச்சு விடுவேன், தலையணையை உயர்த்தி வைப்பேன். "நீ மட்டும் இல்லேன்னா என் பாடு திண்டாட்டம்தான் மாப்ளே"ம்பாரு. அப்படி ஒரு நல்ல காலம் எங்களுக்கு அதுக்கு முன்னாடி வாய்ச்சதே இல்லை. மூச்சு வாங்க ஆரம்பிச்சப்ப, டாக்டரைப் பார்க்கலாமான்னு கேட்டாரு. மருந்துதான் ஒழுங்கா குடிக்கறீங்களே, சரியாயிடும்னு சொன்னேன். மறுநாள் காலையில அவரு எழுந்திருக்கலை.

ஆமா சார், நான்தான் செஞ்சேன். அதை எழுதிக்கோங்க. ஆனா இதையும் சேர்த்து எழுதணும். கடைசியா மருந்து குடிச்ச அன்னிக்கு, மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. பழக்க தோஷம், கோட்டு மேல விரலை ஓட்டினாரு. ஒண்ணும் சொல்லாம குடிச்சுட்டாரு. அந்த விரலுக்கு என் வேலை தெரியாமப் போகுமா? தெரிஞ்சேதான் குடிச்சாரு. அவருக்கும் என்னை விட்டுட்டுப் போக மனசு வரலை சார்.