அரைச் சுத்து

நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க, இஞ்சின் ஓடட்டும், நான் சத்தத்தக் கேக்கணும். ம்... அணைஞ்சிருச்சா. பரவால்ல, நீங்க ஒண்ணும் பண்ணல. அப்படியே தூணோரமா சாத்துங்க சார். நடைபாதைய அடைச்சு வச்சா பக்கத்துக் கடைக்காரரு கத்துவாரு.

ஆமா, நாந்தான் செல்லக்கண்ணு. மருதப்பன் என் தம்பிதான். இல்லைங்களே, இங்க இல்ல. அவன் சனிக்கிழமை மட்டுந்தான் கடைக்கு வருவான், இன்னைக்கு புதன்கிழமைல்ல? மத்த நாள்ல தஞ்சோங் பகார்ல, கப்பல் பட்டறைல வேலை. ஓ, அங்கயும் போய்ட்டுதான் வர்றீங்களா? லீவுன்னு சொன்னாங்களா? அப்ப லீவாத்தான் இருக்கும். இந்தக் காலத்துல அண்ணங்கிட்ட கேட்டுக்கிட்டா லீவு போடுறாங்க!

அவன எதுக்குத் தேடுறீங்க? வேலை குடுக்கவா? நல்லது லா. போன மாசங்கூட ரெண்டு பேரு வேலை குடுக்கத்தான் தேடி வந்தாங்க. ஃபேரர் பார்க் பக்கம் கூட்டிட்டுப் போயி நல்லாக் குடுத்தாங்க. கீழ் ஒதட்டுல நாலு தையல். அதுலேருந்து யாராச்சும் வேலைன்னு சொன்னா நான் மொதல்ல அவங்க கையத்தான் பாக்குறேன். உங்களச் சொல்லல, நீங்க ஆபீஸ் ஆளு மாதிரி இருக்கீங்க. பேரு? சுப்பிரமணியமா? வெறும் சுப்பிரமணியந்தானா? சரி, சரி.

பின்னாடி கேரியர்ல பேப்பர் சுத்தி வச்சிருக்கீங்களே, அது என்னா சார்? கொடையா? கொடைன்னா பிடி வளைஞ்சிருக்கும். இது ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கு. இரும்புக் கம்பி மாதிரி கனமா வேற தொங்குது. இருக்கட்டும், உங்க கொடை, உங்க பாடு.

உக்காருங்க, அந்த முக்காலில. கோப்பி சொல்லவா? வேணாமா. மணி என்னாச்சு உங்க வாட்ச்ல? பத்து அஞ்சா. அவசரம்னா எப்படி சார், கார்பரேட்டரக் கழட்டிட்டேனே. இத மாட்டாம இஞ்சின் ஓடாது. பெட்ரோலையும் காத்தையும் சரியாக் கலந்து குடுக்கறதே இதான். பெட்ரோல் ஜாஸ்தியானா பொகையும், காத்து ஜாஸ்தியானா வண்டி முக்கிட்டு நிக்கும். உங்களுக்கு வழியெல்லாம் நின்னு நின்னுதான வந்துச்சு? எத்தன தடவ? ஒம்பதா! ஐயோ பாவம், ஒரு மணி நேரம் போயிருக்குமே.

இது இந்த இஞ்சினோட வந்த கார்பரேட்டர் இல்லையே. மோட்டார் சைக்கிள்ல இருந்ததக் கொண்டாந்து மாட்டிருக்கு. மோட்டார் வச்ச சைக்கிளுக்கு இது பெரிசு, மாட்டினவன் கைகாரன்தான். யாரு மாட்டினது? சுங்கை ரோட்ல ஒரு ஆளா? பேரு மறந்துட்டீங்களா? அடடா.

உங்க வீட்டுல வேற யாரும் இந்த வண்டியத் தொடுவாங்களா? தொட மாட்டாங்க. நீங்க ஒருத்தர்தான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சத்தியமாவா? சரி. ஒண்ணுமில்ல, காத்தக் கூட்டிக் கொறைக்கிற இந்தக் காத்து ஸ்க்ரூ தலைல என்னமோ செவப்பா ஒட்டியிருக்கு. பெட்ரோல்ல கழுவுனாலும் போகல. பெயிண்டா இருக்கும், விடுங்க. இந்தத் துணில தொடைச்சு வைக்கிறேன்.

ஏன் சார் மாடியையே பாக்குறீங்க? கடகடன்னு சத்தம் வருதேன்னா? அது பதுருன்னிசா அக்கா தையல் மிஷின். இல்ல, ஆம்பள யாரும் இல்ல. நடக்குற சத்தமா? நடக்காமயே இருப்பாங்களா அவங்க? வேணும்னா ஏறிப் பாருங்க, தொடப்பத்தால அடிச்சா நான் பொறுப்பு இல்ல. ஆங், உக்காருங்க. மாடிப்படி எங்க போயிடப்போவுது, இறங்கி வர்றவங்க உங்களத் தாண்டித்தான போகணும்.

பெட்ரோல் வர்ற இந்த ஜெட் ஓட்டையப் பாருங்க, மயிர்க்கால் அளவுதான். கம்பி விட்டுக் குத்தக் கூடாது, ஓட்டை பெருசாயிரும். வாயால ஊதித்தான் எடுக்கணும். சில பேரு அவசரப்பட்டுக் குத்துவாங்க. பொறுமை இல்லாதவனுக்கு கார்பரேட்டர் வசப்படாது சார், நான் கண்டது அதான். மணி என்னா? பத்து நாப்பதா. சரி, நல்லது.

நல்லதுன்னா... நல்லதுதான். வேலை நல்லாப் போவுதுன்னு சொன்னேன். எதுக்கு மொறைக்கிறீங்க?

சார், நீங்க என்னைய சந்தேகப்படுறீங்க. நான் உங்கள சந்தேகப்படுறேன். ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கோம். நான் ஒண்ணு காட்டவா? கார்பரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவுல ஒரு அட்டை வெட்டி வச்சிருக்கும், பேக்கிங்குன்னு சொல்லுவோம், காத்து கசியாம இருக்க. இதோ, எண்ணெய்ல ஊறிப் போயிருக்கு. வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, நீலமும் பச்சையுமா கண்ணு கண்ணாத் தெரியுதா? இப்ப அதோ, என் செவுத்துல முருகன் காலண்டரப் பாருங்க. மயிலுக்கு வால் இருக்கா?

போன வருசம் ரெண்டு நாள் எந்தம்பியோட பேசாம இருந்தேன் சார் அதுக்காக. சாமி படத்தையாடா வெட்டுவன்னு. அவசரம்ணே, சிலோன்காரங்க வீட்டு வண்டிண்ணேன்னான்.

அப்பவாச்சும் எனக்கு உறைச்சிருக்கணும். ஒரு கார்பரேட்டர் நல்லா டியூன் பண்ணிட்டா ஆறு மாசம் கேக்கவே கேக்காது. உங்க வீட்டுது மட்டும் வாரா வாரம் கெட்டுச்சு. சனிக்கிழமையானா தலைக்கு எண்ணெய் வச்சு சீவிக்கிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோட கெளம்புவான். இஸ்திரி சட்டை போட்டுக்கிட்டு எவனாச்சும் கிரீஸ்ல கைய வைப்பானா? ஒருநாள் பிடிச்சுக் கேட்டேன். சரி பண்ணிட்டு, கெளம்பறதுக்கு முன்னாடி காத்து ஸ்க்ரூவ உள்பக்கமா அரைச் சுத்து திருகிட்டு வந்துருவானாம். மூணு நாள்ல பிளக் கரி கட்டிரும், திரும்பக் கூப்புடுவீங்க. நீங்க வராந்தாவுல பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பீங்களாம். உங்க தங்கச்சி லாந்தர் மாதிரி மொகம் மின்ன பக்கத்துல நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுக்குமாம்.

உக்காருங்க சார். உக்காருங்க, சிவசுப்பிரமணியம் சார். பாதிப் பேர மட்டும் சொன்னா எனக்குத் தெரியாதா? அந்தப் பேப்பர்ல சுத்துனதத் தொடாதீங்க, நல்லா இருக்காது.

எனக்கும் பயமாத்தான் சார் இருந்துச்சு. அப்பா அம்மா இல்லாதவன், நான் வளத்தவன். உங்க ஆளுங்க படிச்சவங்க, அரசாங்க உத்தியோகம், எங்களக் கூலின்னு சொல்லுவீங்க. வேணாண்டா, ஒதட்டோட போச்சுன்னு இருன்னு அழுது பாத்தேன். கேக்கல. தையல் பிரிச்ச அன்னைக்கே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாண நோட்டீஸ் போட்டுட்டான்.

மணி என்னா? வாட்ச்சப் பாத்துச் சொல்லுங்களேன். பதினொண்ணு பத்தா.

அப்ப முடிஞ்சிருச்சு. பத்தரைக்குக் கையெழுத்து, எந்தம்பிக்கும் உங்க தங்கச்சிக்கும். ரெண்டு பேருக்கும் சட்டப்படி வயசு வந்திருச்சு, யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. பன்னெண்டு மணிக்கு சாப்பிட இங்கதான் வர்றாங்க. மாடில மிஷின் சத்தம் நின்னுருச்சு பாருங்க, பொண்ணுக்கு ரவிக்கை கடைசி கொக்கி வரைக்கும் தச்சாச்சு. பதுருன்னிசா அக்கா பிரியாணி வேற வச்சிருக்காங்க. நீங்க நின்னு நின்னு இங்க வந்து மாட்டினதும் நான் முருகனத்தான் நெனச்சேன். வால வெட்டுனதையும் மன்னிச்சு விட்டுட்டான் போலருக்கு.

இந்தாங்க, மாட்டிட்டேன். வண்டி இப்ப ஜம்முனு ஓடும், இனிமே சனிக்கிழமை கெடாது. என்னாது? எந்தம்பியா? காலைல உங்க வீட்டுக்குள்ள பூந்து அவன்தான் ஸ்க்ரூவத் திருகுனானா? போலீசுக்குப் போவீங்களா?

அவன் திருகினா உள்பக்கம் திருகுவான், காத்து கொறைஞ்சு வண்டி பொகையும். இது வெளிப்பக்கம் அரைச் சுத்து, காத்து ஜாஸ்தி. பொகையே வராது, ஆனா ரோட்டுல பத்து நிமிசத்துக்கு ஒருக்க நிக்கும். தொரத்திக்கிட்டு வர்ற ஆள நிறுத்தணும்னு நெனச்சவங்க திருகினது. ஸ்பேனர் எடுத்துக் குடுத்துக்கிட்டே பாத்துக் கத்துக்கிட்ட கை.

இந்தத் துணியப் பாருங்க. பெயிண்ட் இல்ல, நகப்பூச்சு. இன்னைக்குக் காலைல பூசினது, சரியாக் காயறதுக்குள்ளயே திருகியிருக்கு, மச்சான்.