லொறி திருத்தப் போனவர்

நாவுலயிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"வெடிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழ போற மனுசனத் திரும்பவும் சண்டைக்கு அனுப்பிட்டாங்க."

"யார ராத்தா? மச்சானயா? அவரு ரஷ்யாவுக்கு மெக்கானிக் வேலைக்குத்தானே போனாரு?"

"நம்ம நாட்டு ஆமிய விட்டு வந்ததுல இருந்து கராஜ்லதான் இருந்தாரு. அங்கயும் லொறி திருத்துற வேலைன்னுதான் ஏஜென்சிக்காரன் சொன்னான். போனதும் கையில துவக்கக் குடுத்து, சண்ட நடக்குற எடத்துக்குப் போகச் சொல்லிட்டாங்களாம். அதுக்குப் பொறகு பேச்சே இல்ல."

"அல்லாஹ். இப்ப எங்க போறீங்க?"

"மூத்த மகன் காலையில பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு மாத்தளையில அதே ஏஜென்சிக்குப் போயிட்டான். அவனும் ரஷ்யாவுக்குப் போயி வாப்பாவக் கூட்டிட்டு வர்றானாம்."

ஆளேற்ற பஸ் மறுபடி நின்றது. அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் சுருக்காப் போகச் சொல்லுங்க தம்பி" என்றாள் கண்டக்டரிடம்.