இரண்டு தட்டு

சத்தத்தை அடைக்கக் காதுக்கு வைக்கிற ரப்பர் பஞ்சைப் பலரும் பிழையாகத்தான் வைக்கிறார்கள், சேர். எடுத்த எடுப்பில் திணித்துவிட்டு, சத்தம் குறையவில்லை என்று குறை சொல்வார்கள். அதை விரலுக்கிடையில் வைத்து மெல்லிய திரி போல உருட்ட வேண்டும். மற்றக் கையால் காதின் மேல்பக்கத்தை இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும். முப்பது எண்ணும்வரை விரலை எடுக்கக் கூடாது. உள்ளே அது மெல்லப் பருத்துக் காதை அடைத்துவிடும். அதற்குப் பிறகு எல்லாம் பக்கத்து வீட்டில் நடப்பது போலிருக்கும்.

நாளை கோட்டில் வழக்கு எடுக்கும்போது பஞ்சைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று சொன்னீர்கள். நீங்கள் என் சட்டத்தரணி. உங்களிடம் முழுவதையும் சொல்லிவிடுவது முறை.

பத்தொன்பது வருடமாக லொறி ஓட்டுகிறேன். வரிப்பத்தான்சேனையில் ஓர் ஆலையிலிருந்து அரிசி ஏற்றி, கொழும்பில் புறக்கோட்டைக்குக் கொண்டுபோய் இறக்குவது. அதற்கு முன் பத்து வருடம் அதே ஆலையில் மூட்டை சுமந்தேன். முதுகு போன பிறகுதான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். எங்கள் லொறியில் எஞ்சின் இரண்டு சீற்றுக்கும் நடுவில் இருந்து கத்தும். புறக்கோட்டையில் இறங்கினால் ஹோன், மூட்டை தூக்கும் நாட்டாமைகளின் கூச்சல், லொத்தர்ச் சீட்டு விற்கிறவனின் ஒலிபெருக்கி. மூன்று வருடத்துக்கு முன் என் காதுக்குள் ஒரு விசில் தொடங்கியது. நித்திரையிலும் நிற்கவில்லை. டொக்டர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

முதலில் ஹெட்செட் வாங்கினேன். கறுப்பு, பெரியது, நடைபாதைச் சாமான். பாட்டுக் கேட்க அல்ல. வயர் நுனியை ஒன்றிலும் செருகாமல் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவேன். காலிதீன் அதைக் கண்டுபிடித்தான்.

காலிதீன் என் தங்கச்சி முஸ்பிறாவின் புருஷன். என் வயதுதான். மூட்டை சுமந்த காலத்துக் கூட்டாளி, பதினொரு வருடமாக என் லொறியில் உதவியாள். மஹியங்கனைத் தேத்தண்ணிக் கடையில் அத்தனை பேருக்கும் முன்னால் என் பைக்குள்ளிருந்து வயரை இழுத்துத் தூக்கிக் காட்டினான்.

"பாருங்கடாப்பா, மச்சான்ட சட்டப் பைக்குள்ள கச்சேரி நடக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நடையில் பஞ்சுக்கு மாறினேன். மஞ்சள் நிறம், வெளியே அதிகம் தெரியாது.

காலிதீன் கெட்டவன் இல்லை. ஐந்து நேரமும் தொழுவான், வெற்றிலை தவிர வேறு பழக்கம் கிடையாது. ஆனால் கதைப்பான். ஆலையில் ஏறினால் புறக்கோட்டை வரைக்கும் கதைப்பான். யார் வீட்டுக் கலியாணத்தில் இறைச்சி வேகவில்லை, யாருடைய வயலுக்கு யார் தண்ணீரைத் திருப்பினான், மாவடிப்பள்ளியில் எந்த மாடு வரம்பில் விழுந்தது. கதை தீர்ந்தால் போனைப் பெரிதாக வைப்பான். அதற்கு மேலால் தானும் கதைப்பான். நான் பஞ்சு வைத்திருந்தால் கையை நீட்டி என் காதிலிருந்து உருவி எடுப்பான். என்னவென்று கேட்டால், "அந்தா பாரு மச்சான், மயிலு" என்பான்.

அவனுடைய வேலையைச் சொல்லவில்லை. லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது பின்னால் நின்று பலகையில் தட்டுவது. ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் நில். ஆலைச் சத்தத்தில் வாயால் கத்திப் பிரயோசனமில்லை, எங்கள் பக்கத்து லொறிக்காரர் எல்லோருக்கும் இதுதான் பழக்கம்.

அன்றைக்குக் கொழும்பிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். பதினெட்டு வளைவு மலைப்பாதை இறக்கத்தில் என் இடது காதுப் பஞ்சை உருவித் தன் காதில் வைத்துப் பார்த்தான்.

"என்ன மச்சான் இது, மண்ணப் போட்டு மூடின கப்றுக்குள்ள கெடக்குற மாதிரியெல்லோ இரிக்கி. இதுக்குள்ளயா நீ சீவிக்கிறாய்?"

திருப்பித் தந்தபோது அது சூடாக இருந்தது, அவன் காதின் அழுக்கும் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டேன். கோபம் வரவில்லை. உங்களிடம் பொய் சொல்ல எனக்கு ஒரு தேவையும் இல்லை.

பதினொரு மணியிருக்கும், ஆலைக்குள் போனோம். ஏற்றுகிற மேடையை நோக்கிப் பின்னுக்கு எடுத்தேன். ஒரு தட்டு, வந்தேன். இரண்டு தட்டு, நின்றேன். மேடையடியில் ஒரு மூட்டை சரிந்து கிடந்தது. காலிதீன் அதை இழுத்துப் போட லொறிக்கும் மேடைக்கும் நடுவில் குனிந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். வாயில் வெற்றிலை, இரண்டு கையும் மூட்டையில். கதைக்கவில்லை. பதினொரு வருடத்தில் அவன் கதைக்காமல் நின்ற நேரத்தை நான் அதிகம் கண்டதில்லை. நன்றாக இருந்தது. அது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். லொறி பின் கியரிலேயே நின்றது, கிளட்சை விட்டேன்.

பொலிஸார் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். பெரியவர் ஒருவர் ஒரு புதுச் சோடிப் பஞ்சைத் தன் காதில் வைத்துக்கொண்டு, லொறிக்குப் பக்கத்தில் நிலத்தில் நின்று, ஒரு பொடியனைப் பலகையில் தட்டச் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை என்று அவரே எழுதினார். உங்கள் வழக்குக் கோவையில் அது இருக்கும். அவர் நின்ற இடம்தான் பிழை. என் சீற்றில் ஏறி இருந்து பார்த்திருக்க வேண்டும். பலகையில் தட்டினால் அது லொறியின் இரும்புச் சட்டத்தால் ஓடி, சீற்றால் ஏறி, முதுகெலும்பில் வந்து விழும். காதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செவிடனும் எங்கள் லொறியைப் பின்னுக்கு எடுக்கலாம்.

முஸ்பிறா இப்போது, புருஷனை இழந்தவள் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கிற இத்தாவில் இருக்கிறாள். வீட்டில் டீவி இல்லை, வந்துபோகிறவர்களும் மெல்லத்தான் கதைக்கிறார்கள். நான் அங்கேதான் சாப்பிடுகிறேன். காதுக்குள் விசில் குறைந்திருக்கிறது. அண்ணன் என்பதால் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். போன வெள்ளிக்கிழமை சோறு போட்டுத் தந்துவிட்டுச் சொன்னாள்.

"நான்தான் காக்கா அவர்ட சொன்ன. காக்காக்கு ஓட்டத்துல நித்திர வந்திரும், வாய மூடாமக் கதைச்சிக்கிட்டே போங்க எண்டு. பாவம், அவருக்கு வாய் நோகும். ஊட்ட வந்தா ஒரு சொல்லுக் கதைக்க மாட்டாரு."

அவள் செய்தது நல்ல யோசனைதான். பதினொரு வருடத்தில் நான் ஒரு தடவையும் தூங்கி விழவில்லை.

பிறகு கேட்டாள்.

"கடைசியா ஒங்களக் கூப்பிட்டாரா காக்கா?"

"இல்ல" என்றேன்.

அது பொய் இல்லை, சேர். நாளைக்கும் அதைத்தான் சொல்லப்போகிறேன். காலிதீன் கூப்பிடவில்லை. தட்டினான். இரண்டு தட்டியதும் நிறுத்தியிருப்பேன், ஆனால் அவன் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தான். நான் எண்ணினேன். ஏழு. எங்கள் பழக்கத்தில் ஒன்றுக்கும் இரண்டுக்கும்தான் அர்த்தம் உண்டு.