தட்டக்கூடாத கதவு

தட்டுனியே, அதுலயே தெரிஞ்சுபோச்சு நைனா, நீ இந்த ஏரியா ஆளு இல்லன்னு. காசிமேட்டுல இந்தச் சந்துல யார வேணா கேளு, என் வூட்டுக் கதவ, இந்தப் பச்சையம்மா வூட்டுக் கதவ, யாரும் தட்ட மாட்டாங்க. வெளிய நின்னு மெதுவா அக்கான்னு கூப்புடுவாங்க. இன்னாது, ஆஸ்பத்திரி அட்டையா? அட்ட யாரு வேணா அடிச்சுக்கலாம். மெதுவா பேசு, உள்ள என் தம்பி தேசப்பன் தூங்கிகினு கீறான்.

வாசல்லயே நிக்க வச்சுப் பேசுறேன்னு கோச்சுக்காத. ஆர்பர்ல என் தம்பிக்கு வேல குடுத்த மேஸ்திரி அனுப்புன ஆளா நீ? இப்டித்தான் போன வாரம் ஒருத்தன், தோஸ்து, ஒடம்பு எப்டி கீதுன்னு பாக்க வந்தேன்னான். தம்பி பக்கத்துல குந்திகினு இருந்தவன் திடீர்னு பட்டுனு கைய தட்டுனான். சத்தம் கேட்டா மெய்யாலுமே வெறைக்கிறானா, இல்ல வேலைக்கு டபாய்க்கிறானான்னு பாக்கறானாம். என் தம்பி கட்டையா வெறச்சு கட்டில்லேர்ந்து வியுந்தான். வந்தவன் அப்டியே எந்திரிச்சு போய்ட்டான். அப்பால நான் யார நம்புறது, நீயே சொல்லு.

மொதல்ல எங்களுக்கே ஒண்ணும் புரியல. ஆர்பர்ல மூட்ட தூக்கினு போறப்போ கண்டெய்னர் லாரிக்காரன் ஆரன் அடிச்சான். இவன் நின்ன எடத்துலயே வெறச்சு மூட்டையோட சாஞ்சுட்டான். காக்கா வலிப்புன்னு நெனச்சு கூட இருந்தவனுங்க கையில இரும்பக் குடுத்தானுங்க. சாவி இல்ல நைனா, சாவி அங்க யாருகிட்ட கீது. மூட்டைய குத்தி இஸ்குற கொக்கி. வெறச்ச கையில கொக்கிய குடுத்தா இன்னா ஆவும்? தொடையில எறங்கிடுச்சு. நல்லது பண்ணத்தான் பாத்தானுங்க, பாவம். வலிப்புன்னா நெனவு போவும்ல? இவனுக்கு எல்லாம் தெரிஞ்சிகினு இருந்திச்சு. எடுங்கடான்னு கத்துனானாம். வலிப்புக்காரன் ஒளர்றான்னு இன்னும் இறுக்கிப் புடிச்சானுங்க.

தெரியும், உங்க டாக்டரம்மா அப்பவே சொல்லிச்சு. ரத்தத்துல காவலுக்கு கீறதே நம்ப ஆளு யாருன்னு தெரியாம நரம்பு வேலைய கெடுக்குதாம், அதான் சத்தம் கேட்டா ஒடம்பு வெறைக்குதாம். அதே சனியன் சில பேருக்கு சக்கரையப் பாத்துக்கற எடத்தையும் அடிக்குமாம். வூட்டுல வேற யாருக்காச்சும் சின்ன வயசுலயே ஊசி போடுற சக்கர கீதான்னு கேட்டுச்சு. இல்லன்னுட்டேன்.

இன்னாத்த எட்டி எட்டிப் பாக்குற? அது தண்ணிப் பானை. மேல ஊசி கீதா? கண்ணு நல்லாத்தான் கீது உனக்கு. சரி, என்துதான். ஃபிரிஜ்ஜுக்கு எங்க போறது, மருந்த பானையிலதான் வச்சுக்கறேன். கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து குத்திகினு கீறேன். ஏன் சொல்லலன்னா? சொன்னா என் ரத்தத்தையும் எடுப்பீங்க, ஒனக்கும் அவனுக்கு வந்ததே வரும்னு சொல்லுவீங்க. நானும் படுத்துட்டா அவன யாரு தூக்கி குந்த வைப்பா? பயம்தான் நைனா, வேற இன்னா.

செருப்ப கயட்டிட்டியா? பையக்கூட சத்தம் இல்லாம எறக்கி வச்சுட்ட. மேஸ்திரி ஆளா இருந்தா இந்நேரம் கைய தட்டிப் பாத்திருப்ப.

வா, உள்ள வா. நவுந்து வயி வுடணும்னு எனக்கும் ஆசதான். நான் ஒன்ன மறிச்சுகினு நிக்கல. நீ ரெண்டாவது வாட்டி தட்டுனப்போ கையி தாப்பாள்ல இருந்திச்சு, எப்டியோ இஸ்துட்டேன், அப்பவே எனக்கும் வெறப்பு புடிச்சுகிச்சு. இடுப்புக்குக் கீய இன்னும் வுடல. சத்தம் போட்டு யாரையாச்சும் கூப்புடலாம், அவன் எந்திரிச்சுடுவான். தோளப் புடிச்சு மெதுவா குந்த வையி. கையில எதுவும் குடுக்காத. அப்பால என் ரத்தத்தையும் எடுத்துக்க.