சூடு ஆறுமுன் அள்ளச் சொன்ன சொல்

என் பெயர் சங்கிலிமுத்து, வயது 73, தகப்பனார் பெயர் மாரிக்கண்ணன், சாத்தூர் பக்கம் அச்சங்குளம் கீழத்தெருவில் குடியிருக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊருக்கு மேற்கே உள்ள பட்டாசுக் கம்பெனியில் பதினொரு வருடமாக, வெடிமருந்து காய வைக்கும் மேடைக்குக் காவல் இருந்து வருகிறேன். வெயிலில் காய்ந்த மருந்தைச் சூடு ஆறும் முன் தொடக் கூடாது. மேடை விளிம்பில் நான் புறங்கையை வைத்துப் பார்த்து "அள்ளலாம்" என்று குரல் கொடுத்த பிறகுதான் பெண்கள் அள்ளுவார்கள்.

போர்மேன் பிரபாகரன் "ஸ்பீடப்" என்று இங்கிலீசில் ஒரு சொல் சொல்வார். அதைச் சொன்னால் மேடை ஆறும்வரை யாரும் காத்திருக்கக் கூடாது, நானும் அங்கே நிற்கக் கூடாது. நாலு வருடத்துக்கு முன் ஆவணி மாதம், வடக்கே போக வேண்டிய லோடு பிந்தியபோது முதன்முதலாகச் சொன்னார். அன்று முதல் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் மட்டும் அந்தச் சொல் அவர் வாயில் வராது.

போன புரட்டாசி இரண்டாம் செவ்வாய், மதியம் ஒரு மணி இருக்கும். மேடையில் புறங்கை வைக்க முடியவில்லை. பிரபாகரன் வந்து கையைத் தட்டி, "ஸ்பீடப், ஸ்பீடப்! லாரி வந்து நிக்குது. பெரிசு, இங்கன என்ன காக்கா வெரட்டுதீகளா? போயி தண்ணி எடுத்துட்டு வாங்க" என்றார். அதன் பிறகு, மருந்து அள்ளும் பெண்களில் ஒருத்தியான செல்லத்தாய் என்னைப் பார்த்து, "என்ன மாமா, உங்க கை இன்னும் ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டேன். அதன் பிறகு வெடித்த சத்தம் கேட்டு ஓடி வந்தேன். மேடையில் ஏறியிருந்தவள் அவள் ஒருத்திதான். முழங்கையிலிருந்து இரண்டு கைத் தோலும் உறை மாதிரிக் கழன்று தொங்கியது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பிரபாகரன் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். வந்தவர் அதைத் தானே உரித்துத் தின்றுகொண்டு, செல்லத்தாயின் மகள் அழகுமீனாவிடம், "வீட்டுக்கு ஓடணும்னு ஒங்கம்மாவாத்தான் அள்ளுனா. வெரசா வேலை பாருங்கன்னு சொன்னது ஒரு குத்தமாம்மா?" என்றார். தோலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். நான் குனிந்து அதைப் பொறுக்கி வெளியே போட்டேன். அதன் பிறகு, கவனக்குறைவு என்று செல்லத்தாய் மேலேயே வழக்கு வரப்போவதாகக் கேள்விப்பட்டு நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்தேன்.

செல்லத்தாய் அவசரப்படவில்லை. கேட்டுவிட்டுத்தான் அள்ளினாள். ஆறவில்லை என்று சொல்ல வேண்டியவன் நான், சொல்லவில்லை. அவள் மேல் வழக்கு எழுதுவதானால் அவள் பெயருக்கு மேலே என் பெயரையும், என் பெயருக்கு மேலே பிரபாகரன் பெயரையும் எழுத வேண்டும்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

சங்கிலிமுத்து, இடது பெருவிரல் ரேகை
என் முன்னிலையில் பதியப்பட்டது: சார்பு ஆய்வாளர்